தாம்பூலத் தட்டும் எலுமிச்சம்பழமும்

"ஆசை ரெண்டு பேருக்கும் உண்டு. ஆனா ஒரே..." என்று ஒரு கல்யாண மேடையில் பெரியவர் ஒருவர் வாழ்த்திப் பேசினார். ஒரே என்ன? அளவிலா, நேரத்திலா? சரியாக அந்த இடத்தில் நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்துவிட்டார். மிச்சம் யார் காதிலும் விழவில்லை. விழாமல் போன அந்த வார்த்தைக்குப் பதிலாக ஒரு கதை.

வெண்கோட்டை அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. மன்னருக்கு அந்தப்புரம் போக ஆசை வந்தால் வாய்விட்டுச் சொல்லமாட்டார். முன்னால் ஒரு தாம்பூலத் தட்டு போகும். அரசி வெற்றிலையை எடுத்துக்கொண்டால் 'வாருங்கள்' என்று பொருள். வெற்றிலையைத் தொடாமல் தட்டில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துத் திருப்பி அனுப்பினால் 'இன்று வேண்டாம்.' கௌரவமான ஏற்பாடு. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

மன்னர் கருவேந்தர் தினமும் மாலை தட்டு அனுப்பினார். அநேகமாகத் தினமும் பழம் வந்தது. பழத்தை வீணாக்க முடியுமா? மடைப்பள்ளியில் ஊறுகாய் போட்டார்கள். ஜாடிகள் பெருகி நடைவழிக்கே வந்துவிட்டன. ஒருநாள் விருந்துக்கு வந்த அயல்நாட்டுத் தூதர் ஊறுகாயை நக்கிக்கொண்டே, "ஆஹா! உங்கள் நாட்டில் எலுமிச்சை விளைச்சல் அமோகம் போலிருக்கிறதே!" என்றார்.

பரிமாறியவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

மன்னர் கொதித்துப்போய் சபையைக் கூட்டினார். "ஆசையெல்லாம் ஆணுக்குத்தான். பெண்ணுக்கு அது கிடையவே கிடையாது. ஏன் இப்படி?"

அரண்மனை வைத்தியர் நீலமேகம் முந்திக்கொண்டு எழுந்தார். "நோய், மன்னா! பழத்தைத் திருப்பி அனுப்புவதே அதன் அறிகுறி. என்னிடம் வேப்பங்கொழுந்து லேகியம் இருக்கிறது. ஒரு மண்டலம் சாப்பிட வேண்டும். பத்தியம், உப்பில்லாத கஞ்சி. அரசியாரில் தொடங்கி ஊரிலுள்ள மனைவிமார் அத்தனை பேருக்கும் கொடுத்துவிடலாம்."

"பௌர்ணமியன்று முரசறையுங்கள்!" என்றார் மன்னர்.

செய்தி மன்னரின் ஆலோசகர் ஏகாம்பரத்தின் வீட்டுக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அவர் மனைவி அலர்மேலு வாசலிலேயே நின்றாள்.

"ஏங்க, அந்த லேகியம் இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா முதல் உருண்டை யார் வாயில போகும் தெரியுமா?"

"யார் வாயில?"

"அதுக்கு ஆலோசகர் வேற வேணுமா?"

ஏகாம்பரம் செருப்பைக் கழற்றாமலே அரண்மனைக்குத் திரும்பினார்.

"மன்னா, ஒரு சந்தேகம். தட்டு எப்போதும் இங்கிருந்துதானே அங்கே போகிறது? பௌர்ணமி வரை அங்கிருந்து இங்கே வரட்டும். அரசியாருக்கு ஆசையே இல்லையென்றால் தட்டே வராது. வழக்கு முடிந்தது."

"ஓய் ஏகாம்பரம், இதெல்லாம் வழக்கத்திலேயே இல்லை!" என்றார் வைத்தியர்.

மன்னருக்கோ குஷி. "வரட்டுமே! இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். என் பக்கமிருந்து ஒரு பழம் திரும்பினால் அந்த லேகியத்தை நானே விழுங்குகிறேன்."

ஏகாம்பரம் அரசி மங்கைநாயகியிடம் போய் விஷயத்தைச் சொன்னார். "உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது அனுப்புங்கள், தாயே."

"எனக்கு எப்போது தோன்றும் என்று இந்த அரண்மனையில் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன்," என்றாள் அரசி.

முதல் தட்டு முற்பகலில் வந்தது. அரசி குளித்து, கூந்தல் உலர்த்தி, மனசு லேசாக இருந்த நேரம். மன்னர் துள்ளி எழுந்தார். எதிரே எல்லைத் தகராறு பேச வந்த தூதர் பாதி வாக்கியத்தில் நின்றார். மன்னர் உட்கார்ந்தார். பழம் போயிற்று.

இரண்டாவது தட்டு ஒரு விருந்துக்குப் பிறகு வந்தது. மன்னர் பலாப்பழப் பாயசத்தை ஒரு கை பார்த்துவிட்டு மல்லாந்திருந்தார். "அசைய முடியலையே... நாளைக்குன்னு சொல்லு," என்று முனகினார். பழம் போயிற்று.

மூன்றாவது தட்டு வந்த அன்று, மன்னரின் செல்லச் சேவல் சண்டையில் தோற்று, ஓடிவந்து சிம்மாசனத்தின் அடியில் ஒளிந்துகொண்டிருந்தது. மன்னரும் அதற்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். "இப்போதா? மனசே சரியில்லையப்பா!"

பழம் போயிற்று.

பௌர்ணமியன்று சபை கூடியது. ஏகாம்பரம் வணங்கினார். "வைத்தியரே, நோயின் அறிகுறி என்ன சொன்னீர்?"

"பழத்தைத் திருப்பி அனுப்புவது."

"பிறகு ஏன் நிற்கிறீர்? நோயாளி சிம்மாசனத்தில் இருக்கிறார். லேகியத்தை எடும்!"

வைத்தியர் மன்னரைப் பார்த்தார். மன்னர் லேகியத்தைப் பார்த்தார். அதன் வாடை முன்வரிசைவரை வந்துவிட்டது.

"எனக்கு என்ன நோய்?" என்று அலறினார் மன்னர். "எனக்கு வேலை இருந்தது! வயிறு நிறைந்திருந்தது! சேவல் தோற்ற துக்கம்! ஆசையெல்லாம் அப்படியேதான் இருக்கிறது!"

"அரசியாருக்கும் அதேதான், மன்னா. அந்தப்புரத்துச் சண்டைகளையெல்லாம் தீர்த்து முடித்து, தலையைக் கீழே சாய்க்கும் நேரத்தில் உங்கள் தட்டு வருகிறது. பழம் என்னத்தைச் சொல்லும்? 'வேண்டாம்' என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும்."

"அது சரி, யாருக்குத்தான் ஆசை அதிகம்?"

"சிலருக்கு இலையைப் பார்த்ததுமே பசிக்கும். சிலருக்கு உட்கார்ந்து, நாலு வார்த்தை பேசி, வாசனை பிடித்த பிறகு பசிக்கும். ஆளுக்கு ஆள் மாறும், அதே ஆளுக்கும் நாளுக்கு நாள் மாறும். பந்தி பரிமாறுகிறவர்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்."

திரைக்குப் பின்னாலிருந்து அரசியின் சிரிப்பு முதலில் கேட்டது. பிறகு மன்னர் சிரித்தார். சிரித்துச் சிரித்து மகுடம் நழுவியது. ஏகாம்பரத்துக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. கூடவே, தூக்க நாலு ஆள் வேண்டிய அளவு ஊறுகாயும் கிடைத்தது. வைத்தியர் லேகியத்தை மூடி போட்டு எடுத்துப் போனார்.

இனிமேல் தட்டு அனுப்புவதில்லை, தானே அந்தப்புரத்துக்கு நடந்து போய், அரசியின் அன்றைய பொழுது எப்படிப் போயிற்று என்று முதலில் கேட்பது என்று மன்னர் முடிவு செய்தார்.