உருண்டைக் கடைக்குப் போன படகோட்டி

“இந்தப் பொட்டலத்தை இனிமேல் வாங்க வேண்டாம், குருவே” என்றான் ஹெங்.

பிக்குணி நிங் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். தாமரை இலைக்குள் எள் பூரணம் வைத்த மாவு உருண்டைகள்.

“கெட்டுப்போகவில்லையே?”

“எனக்கு வேண்டாம்.”

“போன வருஷமும் வேண்டாம் என்றீர்கள். அதற்கு முந்தின வருஷம் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தீர்கள்.”

ஹெங் திடுக்கிட்டான். அதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆற்றில் படகு ஓட்டியவன். நான்கு வருஷத்துக்கு முன் மலைமேல் இருக்கும் இந்தச் சின்ன மடத்துக்கு வந்து, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான நிங்கைக் குருவாக ஏற்றுக்கொண்டான். விறகு பிளந்தான். தோட்டம் கொத்தினான். தியானத்தில் மட்டும் உட்கார முடியவில்லை. கண்ணை மூடினால் தண்ணீர் வந்துவிடுகிறது என்பான்.

எந்தத் தண்ணீர் என்று நிங் கேட்டதில்லை.

இன்று கேட்டார். “யார் அனுப்புகிறார்கள் இதை?”

“கீழே ஊரில் ஷென் அம்மாள். உருண்டைக் கடை வைத்திருக்கிறாள்.”

“உங்கள்மேல் அவ்வளவு பிரியமா?”

“நன்றிக்கடன்” என்றான் ஹெங். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.

“எதற்கு?”

“என் படகு கவிழ்ந்த அன்றைக்கு அவள் மகன் லின் அதில் இருந்தான். ஆறு அவனைக் கொண்டுபோய்விட்டது. நான் கடைசிவரை அவன் கையை விடவில்லை என்று ஊரில் பேச்சு.”

நிங் பொட்டலத்தை ஓரமாக வைத்தார். குடையை எடுத்தார்.

“எனக்குப் பசிக்கிறது. வாருங்கள், அங்கேயே போய்ச் சூடாகச் சாப்பிடுவோம்.”

“செருப்பு அறுந்துவிட்டது.”

“வெறுங்காலோடு வாருங்கள்.”

“மழை வரும் போலிருக்கிறது.”

“குடை இருக்கிறது.”

பாதி வழியில் ஹெங் நின்றுவிட்டான். “என்னைப் பார்த்தால் அவள் அழுவாள்.”

நிங் திரும்பிப் பார்க்காமல் இறங்கிக்கொண்டிருந்தார். அவன் பின்னால் போனான்.

அந்தக் கடை ஷென் அம்மாளுடைய மாமனாரின் அப்பா போட்டது. பெயர்ப்பலகையில் புகை ஏறி எழுத்து மறைந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. யாரும் திருப்பி எழுதவில்லை. ஊரில் அதைப் படித்துவிட்டு உள்ளே வருபவர் யாரும் இல்லை. வாசலில் மாவரைக்கும் கல். உள்ளே ஆறு பெஞ்சு, உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிந்தவை. கிடைப்பது ஒரே பண்டம்: இஞ்சி போட்ட வெல்லத் தண்ணீரில், உள்ளே எள் வைத்த ஏழு மாவு உருண்டை.

அடுப்பில் பெரிய செம்புப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளை உருண்டைகள் தண்ணீருக்குள் அமுங்கின, மேலே வந்தன, மறுபடி அமுங்கின. ஹெங் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஷென் அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கரண்டி பாதியில் நின்றது.

“ஹெங்” என்றாள்.

ஓரத்துப் பெஞ்சில் இருந்த கிழவர் எழுந்துவிட்டார். “இவர்தானே லின்னைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தவர்? இங்கே உட்காருங்கள் ஐயா, என் இடத்தில் உட்காருங்கள்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி கைகூப்பினாள். ஹெங் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தான்.

ஷென் அம்மாள் இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தாள். நிங் சாப்பிடத் தொடங்கினார். ஷென் அம்மாள் போகவில்லை. பக்கத்திலேயே நின்றாள்.

“சாப்பிடு” என்றாள்.

ஹெங் ஒரு உருண்டையை வாயில் போட்டான். எள் நாக்கைச் சுட்டது. விழுங்கப் பார்த்தான். முடியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான்.

“குருவே, போய்விடலாம்” என்றான் தாழ்ந்த குரலில்.

“எனக்கு இன்னொரு கிண்ணம்” என்றார் நிங்.

ஷென் அம்மாள் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்தாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். அவள் கண் அவன் முகத்தைவிட்டு அசையவில்லை.

“அக்கா” என்றான் ஹெங்.

அவள் காத்திருந்தாள்.

“நான் அவன் கையைப் பிடிக்கவில்லை.”

ஹெங் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

“அவன்தான் என் தோளைப் பிடித்தான். நானும் அவனோடு உள்ளே போய்விடுவேன் என்று பயந்தேன். உதறினேன். மறுபடி பிடித்தான். காலால் உதைத்தேன்.”

கிழவர் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஷென் அம்மாள் அடுப்பருகே போனாள். பெரிய கரண்டியைப் பானைக்குள் விட்டாள். கொதிக்கும் தண்ணீர் கரண்டி நிறைய வந்தது.

ஹெங் கண்ணை மூடிக்கொண்டான். முகத்தில் விழப்போகிறது என்று நினைத்தான். விழட்டும் என்று நினைக்க அவனால் முடியவில்லை. அவ்வளவு பயம்.

ஒன்றும் விழவில்லை.

கண்ணைத் திறந்தான். அவள் அந்தத் தண்ணீரை அவனுடைய கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள், சூடு ஆறாமல் இருக்க. பிறகு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“தெரியும்” என்றாள்.

“யார் சொன்னார்கள்?”

“கரையில் உன்னைக் கிடத்தியபோது ஈரச் சட்டையைக் கழற்றியது நான்தான். உன் தோளில் ஐந்து நகக்காயம். கையைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்குத் தோளில் எப்படிக் காயம் வரும்?”

“தெரிந்தும் ஏன் வருஷா வருஷம் அனுப்பினீர்கள்?”

“நீ வருவாய் என்றுதான். நான் மலையேறி வந்திருக்கலாம். வந்து கேட்டிருந்தால் நீ பொய் சொல்லியிருப்பாய்.”

ஹெங் நிங்கைத் தேடினான். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவர் கிண்ணத்தோடு வாசலுக்குப் போய், மாவரைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்து தெருவைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“லின் ஏதாவது சொன்னானா?” என்று கேட்டாள் ஷென் அம்மாள். “அதைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான்.”

ஹெங் கிண்ணத்தைப் பார்த்தபடி சொன்னான்.

“‘மாமா, நான்தான்’ என்றான்.”

அவள் உதடுகள் அசைந்தன. அதையே சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள்.

“அவ்வளவுதானா?”

“ரெண்டு தடவை சொன்னான்.”

“பயந்திருந்தானா?”

“குரலில் பயம் இல்லை அக்கா. யாரென்று தெரியாமல் உதறுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். தெரிந்தால் பிடித்துக்கொள்வேன் என்று...”



பானை பொங்கி நெருப்பில் வழிந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஷென் அம்மாளே போய் அதை இறக்கி வைத்தாள். திரும்பாமல், சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

“இன்றைக்கு இவ்வளவுதான் என்னால் கேட்க முடியும். நாளைக்கு வா.”

“நாளைக்கு என்ன கேட்பீர்கள்?”

“எனக்குத் தெரியாது.”

வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. நிங் கிண்ணத்தைக் கல்லின்மேல் வைத்துவிட்டுக் குடையை விரித்தார். “போகலாமா?” என்று கேட்டார்.

ஹெங் வாசல்வரை போனான். அங்கிருந்து திரும்பிப் பார்த்தான்.

“எந்நேரத்துக்கு வரட்டும் அக்கா?” என்று கேட்டான்.