சுண்ணாம்பு பூசாத கலயம்

மெய்ஞ்ஞானவிளையில் ஒரு குருவும் ஒரு சீஷரும் இருந்தார்கள். சீஷருக்குத்தான் வயது நான்கு அதிகம்.

குருவின் பெயர் வேதமாணிக்கம் ஐயர். பனையேறியின் மகன். சுற்றுவட்டாரத்தில் ஏழு ஊர்ச் சபைகளுக்கும் அவர் ஒருவரே போதகர். சீஷர் சுவிசேஷமுத்து, தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மறுநாளே போதகருக்குத் துணையாக நிற்கிற உபதேசியார் ஊழியம் படிக்க ஐயரிடம் வந்து சேர்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் அவர் பள்ளிக்கூட வாசலில் நின்று இருமினால், மூன்றாவது தெருவில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிட்டுப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லும் என்பார்கள். நான் கேட்டதில்லை. ஆனால் நம்புகிறேன்.

சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். அந்த வாரம் மட்டும் ஐயர் மூன்று அடக்கம் நடத்தியிருந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றப் பார்த்தார். கால் வீங்கியிருந்ததால் செருப்பு வர மறுத்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சீஷர் ஒரு தாளோடு வந்தார். சபைக் கமிட்டியின் தீர்மானம்.

விஷயம் இதுதான். பனையேறி தேவபிச்சை மூன்று வருஷத்துக்கு முன் ஆலயத்தில் எல்லார் முன்னாலும் நின்று குடியை விட்டவன். மரத்தில் கட்டுகிற கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு பூசினால் இறங்குவது பதநீர். பூசாவிட்டால் கள். மூன்று வருஷமும் ஒரு கலயம்கூடத் தவறாமல் பூசினான். ஈஸ்டர் முடிந்த வாரம் ஒரே ஒரு கலயத்துக்குப் பூச மறந்துவிட்டான். முதல் நாள் அது மறதிதான். இரண்டாம் நாள் மறதி இல்லை. அதற்குப் பிறகு தினமும் மரத்து உச்சியிலேயே குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். அந்த வாரம்தான் அது கமிட்டிக்குத் தெரிந்தது.

அவன் மகள் கிருபைமணிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. இரண்டு ஓலை ஆகிவிட்டது. நாளைக்கு மூன்றாவது. தேவபிச்சை முன்னால் வந்து நின்று, எத்தனை நாள் குடித்தேன், எத்தனை கலயம் குடித்தேன் என்று சபைக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் குடித்தவன் வீட்டு ஓலையை வாசிக்கக் கூடாது. அதுதான் தீர்மானம். ஓலை நின்றால் மாப்பிள்ளை வீட்டாரும் நின்றுவிடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

சீஷர் கேட்டார். "விழுந்துபோன விசுவாசியை எடுத்து நிறுத்துறது எப்படி ஐயா? கடுமையாச் சொல்லட்டுமா, ரொம்பக் கடுமையாச் சொல்லட்டுமா?"

ஐயர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று சீஷர் குனிந்து பார்த்தார்.

"வாங்க சார்," என்றார் ஐயர். "போய்ப் பாத்துட்டு வந்துருவோம்."

தேவபிச்சை வீட்டில் இல்லை. பனை நிற்கிற விளையில், மரத்தில் இருந்தான்.

அந்த மரத்தின் உயரத்தை உள்ளபடி சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதனால் குறைத்தே சொல்கிறேன். உச்சியில் நின்றால் கடலுக்கு அப்பால் கொழும்பில் எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று தெரியும். அங்கே காலையில் ஏறியவன் இன்னும் இறங்கவில்லை. குடித்துவிட்டான். கால் நடுக்கம் எடுத்துவிட்டது. மரத்தைக் கட்டிப்பிடித்தபடி இருந்தான்.

கீழே அவன் மனைவி ஞானப்பூ கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய் நின்றாள். பக்கத்து விளைப் பனையேறிகள் இரண்டு பேர் நிழலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷமாக அவர்களுக்குத் தேவபிச்சை புத்தி சொன்னது கொஞ்சமா நஞ்சமா? மேலே இருந்து பரலோகம் பக்கம்தானே, அப்படியே போய்விடச் சொல்லுங்கள் என்றான் ஒருவன்.

சீஷர் தாளை விரித்தார். அண்ணாந்து பார்த்து, பழைய பள்ளிக்கூடக் குரலில் தீர்மானத்தை வாசித்தார். முதல் ஷரத்துக்குத் தேவபிச்சை இரண்டு முழம் மேலே போனான். இரண்டாம் ஷரத்துக்கு மட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டான். மூன்றாவது ஷரத்து ஒன்று இருந்திருந்தால் மரத்தை விட்டே மேலே போயிருப்பான்.

"சார்வாள்," என்றாள் ஞானப்பூ. குரல் காற்றாகத்தான் வந்தது. "அந்தத் தாள மடிச்சு வையிங்க. அவுக எறங்கின பெறகு படிக்கலாம். எங்கயும் ஓடிப்போவ மாட்டாக."

சிரித்தவர்களில் ஒருவனுக்கு உறைத்துவிட்டது. எழுந்து, நான் ஏறி இறக்கிவிடுகிறேன் என்று வந்தான். ஐயர் அவன் தோளில் கை வைத்தார்.

"நீ வேண்டாம்ப்பா. நீ சிரிச்சது அவனுக்குக் கேட்டுட்டு. ஒன் தளைநாரை மட்டும் குடு."

தளைநார் என்பது ஏறுகிறவன் இரண்டு பாதத்தையும் சேர்த்து மாட்டிக்கொள்கிற வளையம். ஐயர் செருப்பைப் பிய்த்து எடுத்தார். அங்கியைக் கழற்றிச் சீஷர் கையில் கொடுத்தார். ஐம்பத்தெட்டு வயதில், வீங்கின காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு மரத்தைப் பிடித்தார். உச்சி போவதற்குள் நான்கு இடத்தில் நின்று, நெற்றியை மரத்தில் சாய்த்து மூச்சு வாங்கினார். ஒவ்வொரு தடவையும், இதோ இறங்கிவிடுவார் என்று சீஷர் நினைத்தார்.

அவர் தேவபிச்சைக்குப் பக்கத்தில் போகவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை. அவன் பாதத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டு, வலது காலைப் பிடித்துத் தன் தோளில் வைத்தார். மேலே இருந்தவன் அழுதுகொண்டு ஏதோ சொன்னான். இவரும் ஏதோ சொன்னார். கீழே ஒன்றும் கேட்கவில்லை.

இறங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஞானப்பூ மூன்று மணி நேரம் என்கிறாள். தளைநார் கொடுத்த பனையேறி, நடுவில் ஒரு அமாவாசை வந்து போயிற்று என்கிறான். அவன் சொல்வதை நம்பாதீர்கள். பாதி மரத்தில் தேவபிச்சையின் முழுப் பாரமும் ஐயர் மேல் விழுந்து, இருவருமாக ஒரு முழம் சறுக்கினார்கள். ஐயரின் நெஞ்சுத்தோல் மரத்தோடு போயிற்று. கீழே சீஷர், தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், அங்கியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தாள் எப்போதோ மண்ணில் விழுந்திருந்தது.

தரைக்கு வந்ததும் தேவபிச்சை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஞானப்பூ பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தலையில் இருந்த பாளைத் தூளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். ஐயர் தள்ளிப் போய் வேறொரு மரத்தடியில் சாய்ந்துகொண்டார். செம்பில் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் மடியில் வைத்திருந்தார்.

சீஷர் தாளைப் பொறுக்கி மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"மேல அவனுக்கு என்ன புத்தி சொன்னீங்க ஐயா?"

"வலது கால்னு சொன்னேன். அப்புறம் இடது கால்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அதுக்கு மேல மூச்சு இல்ல சார்."

"அவன் என்னமோ அழுதானே?"

"நான் தேறாதவன், விட்டுட்டுப் போயிருங்கன்னான். காலை மாத்தி வைடான்னேன்."

சீஷர் தாளைப் பார்த்தார். ஐயரின் நெஞ்சைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். அப்படியானால் நாளைக்கு ஓலையை என்ன செய்வது, கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்வது என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் குரலில் யாரும் வாய்ப்பாடு சொல்ல மாட்டார்கள்.

ஐயர் புறங்கையால் வாயைத் துடைத்தார்.

"அவனுக்குக் கீழ நின்னு காலை எடுக்கும்போது," என்றார், "ஒரு கலயம் சரிஞ்சுது. கள்ளு என் வாயில விழுந்துட்டு. நான் அதை விட்டு முப்பத்தொரு வருஷம் ஆகுது சார்."

"துப்பியிருப்பீங்க."

"துப்பணும்னுதான் நெனச்சேன்."

மடியில் இருந்த செம்பைப் பார்த்தார்.

"துப்பல."

சீஷர் அவருக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார். வேட்டி அழுக்காகுமே என்று பார்க்கவில்லை.

"கமிட்டி சொல்றதும் சரிதான்," என்றார் ஐயர். "குடிச்ச வாய் நாளைக்கு அங்க நின்னு ஓலை வாசிக்கக் கூடாது. கிருபைமணி ஓலையை நீங்க வாசிச்சிருங்க சார்."