அஸருக்கும் மக்ரிபுக்கும் நடுவே

மாலை அஸர் தொழுகையை முன்னால் நின்று நடத்திய இல்யாஸ் ஹஜரத்துக்கு, இரண்டாவது ரக்அத்தில் குனிந்தபோது ஒளு முறிந்தது. காற்று பிரிந்தது, சத்தமில்லாமல். அவருக்கு மட்டும் தெரிந்தது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர வேண்டும். நேர் பின்னால் நிற்பவரைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டு, மறுபடி கைகால் முகம் கழுவி ஒளு செய்யப் போய்விட வேண்டும். மூக்கைப் பிடிப்பது, ரத்தம் வடிகிறதாக்கும் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வதற்காக. வெட்கப்படுகிறவனுக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் மறைப்பு அது. இதை ஹஜரத்தே எத்தனையோ பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்.

நேர் பின்னால் நின்றவர் அவருடைய ஷெய்கு, ஞானவழியில் அவருக்குக் குரு, சைக்கிள் கடை தாவூது.

ஹஜரத் நிமிர்ந்தார். பிறகு ஸஜ்தாவுக்குப் போனார். மூன்று வரிசை ஆட்கள் அவருக்குப் பின்னால் நெற்றியைத் தரையில் வைத்தார்கள். அடுத்த ரக்அத்தில் விலகிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த ரக்அத்திலும் அதையே நினைத்தார். வலப்பக்கம் ஸலாம் கொடுத்தார், இடப்பக்கம் ஸலாம் கொடுத்தார். கையேந்தி துஆ கேட்டார். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள்.

வெளியே போகும்போது இரண்டு பேர் அவர் கையை முத்திக்கொண்டு போனார்கள்.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் தாவூது தன் பச்சைச் சால்வையை ஹஜரத்தின் தோளில் போடுவதாக இருந்தது. அதன்பிறகு ஹஜரத்தும் முரீதுகளை, அதாவது சீடர்களை, ஏற்று வழிகாட்டலாம். ஹஜரத்துக்கு வயது ஐம்பத்தாறு. தாவூதுக்கு நாற்பத்திரண்டு. தன்னைவிடச் சின்னவரின், அதுவும் மார்க்கக் கிதாபு ஓதாதவரின் கையைப் பிடித்துச் சீடரானதற்காக ஊர் அவரை மெச்சியிருந்தது. அந்த மெச்சுதல் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

தாவூது கடைக்குத் திரும்பி, ஒரு ட்யூபை டயரிலிருந்து உருவிக்கொண்டிருந்தார். ஹஜரத் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஷெய்கு, எட்டு வருஷமா உங்க கையைப் பிடிச்சிருக்கேன். ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஹஜரத்."

"எனக்கு இன்னும் மேல போறதுக்கு வழி இருக்கா? இல்ல, இவ்வளவுதானா?"

தாவூது ட்யூபுக்குக் காற்றடித்தார். அது உப்பி நின்றது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இரும்புத் தொட்டியில் அழுக்குத் தண்ணீர் இருந்தது. ட்யூபை அதில் அமுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி நகர்த்தினார். இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓரிடத்தில் சிறு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின.

"அஸர்ல எனக்கு ஒளு முறிஞ்சிருச்சு" என்றார் ஹஜரத்.

தாவூதின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"எப்ப?"

"ரெண்டாவது ரக்அத்துல."

தாவூது தலையை வெளியே நீட்டி வெயிலைப் பார்த்தார். எதிரே பேருந்து நிழற்குடையின் மேல்விளிம்பில்தான் மிச்சம் இருந்தது.

"அப்ப நானும் இன்னும் அஸர் தொழலை" என்றார்.

அது ஹனஃபி சட்டத்தைப் பின்பற்றும் ஊர். இமாமின் தொழுகை செல்லாவிட்டால் பின்னால் நின்றவர்களின் தொழுகையும் செல்லாது.

"சூரியன் அடைஞ்சு மக்ரிபு ஆக எவ்வளவு நேரம்?" என்று கேட்டார் தாவூது.

"முப்பத்தஞ்சு நிமிஷம்."

"பின்னால எத்தனை பேர்?"

"நாப்பதுக்கு மேல இருக்கும். ஒவ்வொருத்தரா தேடிப்போய்க் காதோட சொல்லிடறேன் ஷெய்கு."

"யார் யாருன்னு தெரியுமா?"

பேருந்துக்கு நின்றவர்களும் தொழுதிருந்தார்கள். வாரச்சந்தைக்கு வந்த வெளியூர்க்காரர்களும் இருந்தார்கள்.

"மைக்குதான்" என்றார் தாவூது.

"மைக்குல சொன்னா கடைவீதி பூரா கேக்கும். நம்ம ஆளுங்க மட்டுமில்ல."

"கேக்கும்."

"என் மகளை இந்த ஊர்லதான் கட்டிக் கொடுத்திருக்கேன்."

தாவூது குமிழி வந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டார்.

"கௌரவமா சொல்ல ஒரு வழி இருக்காதா ஷெய்கு?"

"இருந்துச்சு. மூக்கைப் பிடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். உங்களுக்கு அடுத்தாப்ல நான்தானே நின்னேன்."

"அதனாலதான் முடியல."

தாவூது முதல்தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை?" என்றார் ஹஜரத்.

"வெள்ளிக்கிழமையை வெள்ளிக்கிழமை பாக்கலாம். வெயிலைப் பாருங்க."

நிழற்குடையின் மேல்விளிம்பில் வெளிச்சம் இன்னும் மெலிந்திருந்தது. ஹஜரத் எழுந்து சாலையைக் கடந்தார்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் பக்கீர், ஒளு செய்யும் தொட்டியான ஹவுளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினார்.

"நான் சொல்லிடறேன் ஹஜரத். ஒரு காரணத்தால அஸரைத் திருப்பித் தொழணும்னு பொதுவா சொல்லிடறேன்."

"என்ன காரணம்னு கேப்பாங்க."

"தெரியாம நடந்துபோச்சுன்னு நீங்களே சொல்லுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

ஹஜரத் மைக்கைக் கையில் வாங்கினார். விரல் சுவிட்சின் மேல் இருந்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தெட்டு நிமிடம்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் இல்யாஸ் பேசுறேன். இன்னைக்கு அஸர்ல நடுவுலயே எனக்கு ஒளு முறிஞ்சிருச்சு." நிறுத்தினார். ஒலிபெருக்கியில் அவருடைய மூச்சு கேட்டது. "தெரிஞ்சேதான் தொழ வச்சேன். என் பின்னால நின்னவங்க சூரியன் அடையறதுக்குள்ள திருப்பித் தொழணும். வெளியூர் ஆளுங்க யாராவது பஸ்ல ஏறியிருந்தா, தெரிஞ்சவங்க போன்ல சொல்லிடுங்க."

எதிர் டீக்கடையில் பேச்சு நின்றது. பிறகு யாரோ, "ஹஜரத்துக்கு மத்தியானம் மொச்சைக்கொட்டை போட்டது யாருப்பா" என்றார். சிரித்தார்கள்.

ஆனால் வந்தார்கள். ஒருவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார். ஒருவர் பேருந்திலிருந்து இறங்கிப் பையோடு வந்தார். இரண்டு வரிசை நிறைந்து மூன்றாவதும் நீண்டது. அரிசி ஆலை கனி ராவுத்தர் கடைசியில் வந்தார். அவர்தான் முத்தவல்லி; பள்ளிவாசல் நிர்வாகம் அவர் கையில்.

"எத்தனை வருஷமா ஹஜரத் இப்படி நடக்குது?"

"இன்னைக்கு மட்டும்தான்."

"அதை நாங்க எப்படி நம்புறது? நீங்க தொழ வச்ச பதினோரு வருஷத் தொழுகையையும் திருப்பித் தொழச் சொல்றீங்களா?"

ஹஜரத் போய்க் கடைசி வரிசையின் ஓரத்தில் நின்றார். அங்கே நின்றிருந்தவர் சற்று நகர்ந்துகொண்டார். இடம் விடுவதற்காகவா வேறெதற்காகவா என்று தெரியவில்லை.

தாவூது கை கழுவி, ஒளு செய்து உள்ளே வந்தார். நகக்கண்களில் கிரீஸைத் தேய்த்துக் கழுவிய சிவப்பு இருந்தது.

"ஷெய்கு, நீங்க முன்னால போங்க" என்றார் கனி ராவுத்தர். "நேரமாச்சு."

தாவூது முதல் வரிசைக்குப் போனார். அஸரில் தான் நின்ற அதே இடத்தில், இமாமின் இடத்துக்கு நேர் பின்னால் நின்றார். முன்னால் போகவில்லை.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள்.

"ஷெய்கு" என்று மறுபடியும் கூப்பிட்டபடி கனி ராவுத்தர் முதல் வரிசையில் வந்து நின்றார்.

"ஹஜரத்தைக் கூப்பிடுங்க."

"அவர் பின்னால எப்படி நிக்கிறது? நடந்தது போதாதா?"

தாவூது திரும்பவில்லை.

"ஒளு இல்லைன்னா இல்லைன்னு சொல்லுவாரான்னு நேத்துவரைக்கும் எனக்கு யாரைப் பத்தியும் தெரியாது ராவுத்தரே. இன்னைக்கு ஒருத்தரைப் பத்தித் தெரியும்."

கடைசி வரிசையிலிருந்து ஹஜரத் வரிசைகளுக்கு நடுவே முன்னால் நடந்துவந்தார். தாவூதைக் கடக்கும்போது நின்றார். தாவூது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழுகை தொடங்க மோதினார் இகாமத் சொன்னார். ஹஜரத் கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டினார்.

அஸரில் ஓதுவது வெளியே கேட்காது. மூன்று வரிசையும் மின்விசிறிச் சத்தத்தில் நின்றது.

முதல் வரிசையில் கனி ராவுத்தர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் விலகி, ஹவுளை நோக்கிப் போனார். அவருக்குப் பின்னால் நின்றவர் ஓரடி முன்னால் வந்து அந்த இடத்தில் நின்றுகொண்டார்.