அண்ணாச்சியின் டாங்கிக்கு ஒரு குடை

ஒன்பதாவது முறையும் எபனேசர் குறி தவறாமல்தான் சுட்டான். பொம்மை டாங்கிச் சங்கத் தலைவர் துரைப்பாண்டியனின் காலடியில் நின்ற ரிமோட் டாங்கியில், அடிபட்டால் எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை.

"என் டாங்கி சீமைச் சரக்குல்லா! இன்னும் ஒரே தடவ சுடு. படலேன்னா சங்கத்துல ஒன் பேரு இருக்காது," என்றார் தலைவர்.

டாங்கிகள் சுடும் அகச்சிவப்புக் கதிர் வெயிலில் பதியாதென்று, தன் டாங்கியின் கதிர் வாங்கும் கண்ணுக்கு மட்டும் இருமல் மருந்து மூடியால் நிழல் கட்டியிருந்தான் எபனேசர். அதனால் எதிரி சுட்டதெல்லாம் அவனுக்கு ஒழுங்காகப் பட்டது. தோற்பதற்காக இரண்டு மாதம் உழைத்திருந்தான்.

"சரி அண்ணாச்சி. ஒங்களுக்கு வேர்க்குதே," என்று அவர் பக்கத்தில் போய்க் குடை பிடித்தான். நிழல் அவர் காலடியில் நின்ற டாங்கி மேலும் விழுந்தது. மறுகையிலிருந்த ரிமோட்டால் சுட்டான். விளக்கு எரிந்தது.

"அப்போ இத்தன நாளா வெயிலா ஜெயிச்சுது?" என்றார் ஒருவர். மைதானமே சிரித்தது.

தலைவர் குனிந்து எபனேசரின் கருவி டப்பாவிலிருந்து இன்னொரு மருந்து மூடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.