சாக்லேட்டுக்குப் பத்தியம்

“கல்யாணமாகி எட்டு வருஷமாச்சு. ஒரு நாளாவது ஆசையா ஒரு பார்வை பார்த்திருக்கீகளா? எருமைகிட்டப் பேசுற பேச்சுல பாதிகூட என்கிட்டப் பேசுனதில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா தென்காசி அக்கா வீட்டுக்கு நான் பஸ் ஏறிருவேன்!”

சண்முகக்கனியின் இந்தப் பிராதை அவள் புருஷன் நெல்லையப்பன் ஓர் எழுத்து விடாமல் கொண்டுபோய், அண்ணன் ஆவுடையப்பனிடமும் தம்பி இசக்கிமுத்துவிடமும் ஒப்பித்தான். வேறு வீடாயிருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். கோணங்குளத்தில் இந்த மூன்று பேருக்கு மட்டும் ஆண்டவன் வெட்கத்தையும் கொடுக்கவில்லை, மூளையையும் கொடுக்கவில்லை. கனி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எருமைகிட்டப் பேசுறதைப் பாதியாக் குறைச்சிரு லே. கணக்குச் சரியாப் போயிரும்,” என்றான் அண்ணன்.

“ஆசைக்கு?”

“அதுக்கு மருந்துதான்.”

மூவரும் டவுனுக்குப் போனார்கள். மருந்துக்கடைக்காரர் விஷயத்தைக் கேட்டார். வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு, “ஒரு சாக்லேட் வாங்கித் தின்னுங்கப்பா. தின்னா ஆசை பொங்கும்னு சீமையில சொல்லுதாங்க,” என்றார்.

சாக்லேட் வீட்டுக்கு வந்தது. கனிக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது, பாவம். மயில்கழுத்து நிறச் சேலையைக் கட்டி, தலை கொள்ளாமல் பிச்சிப்பூ வைத்துக்கொண்டாள்.

மருந்தென்றால் காயவைத்துத்தானே இடிக்க வேண்டும்? பாதியை முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தார்கள். அது கூழானது.

“வீரியம் வெளிய வருது,” என்றான் இசக்கிமுத்து பயபக்தியோடு.

இடுக்கில் இறங்கியது போக மிச்சத்தை நெல்லையப்பன் முறத்தோடு நக்கித் தீர்த்தான். அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது.

“லே, பத்தியம் கேட்டியா?”

“கேக்கலியே!”

“ஐயாவோட மூட்டுவலிக்குச் சூரணம் குடுத்தப்ப வைத்தியர் என்ன சொன்னாரு? புளி ஆகாது, நல்லெண்ணெய் ஆகாது, ஒரு மண்டலத்துக்குப் பொண்டாட்டி ஆகாது. மூட்டுவலிக்கே அப்படின்னா ஆசைக்கு எப்படி இருக்கும்?”

இசக்கிமுத்து யோசித்தான். “அண்ணே, நீயும் நானும் கல்யாணமே பண்ணல. அப்ப நாம பிறந்ததுல இருந்தே பத்தியமா?”

“அதான்லே நமக்கு ஒரு நோயும் வரல.”

கட்டில் தொழுவத்துக்குப் போனது. நெல்லையப்பன் நடுவில், அண்ணனும் தம்பியும் இரண்டு பக்கமும் காவல்.

மூன்றாம் நாள் காலையில், முற்றத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்த கனியை நெல்லையப்பன் பார்த்தான். சாக்லேட்டோ, சேலையோ, ஏதோ ஒன்று வேலை செய்துவிட்டது. “கனி, நீ... நீ...” என்று எட்டு வருஷத்துப் பேச்சும் ஒன்றாக முண்டியடிக்க எழுந்து ஓடிவந்தான். ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டார்கள் அண்ணனும் தம்பியும். கனி புருஷன் கையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுங்க பெரியத்தான்! மிட்டாய்க்கு ஏது பத்தியம்? பிறந்தநாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக எல்லாம் தின்னுதே, அதுல எது பத்தியம் இருக்கு?”

“எல்லாந்தான் இருக்கு தாயி. எந்தப் பிள்ளைக்குப் பொண்டாட்டி இருக்கு?”

கனிக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஓடி, மாடத்தில் இருந்த மீதிச் சாக்லேட்டை எடுத்துவந்து அவர்கள் கண்ணெதிரே வாயில் திணித்துக்கொண்டாள். “இந்தா, நானும் தின்னுட்டேன்! எனக்கு என்ன ஆச்சு?”

ஆவுடையப்பன் தலையில் கைவைத்துக்கொண்டான். “மோசம் போச்சே! இப்ப உனக்கும் பத்தியம்.”

“மதினிக்கு இன்னைக்குத்தான் தொடக்கம்,” என்றான் இசக்கிமுத்து. “அண்ணன் முடிச்சு நிக்கும்போது மதினி முடிச்சிருக்க மாட்டாக.”

“காத்திருந்தா இவனுக்கு வீரியம் இறங்கிரும்.”

“மறுபடி ஒரு சாக்லேட் குடுப்போம்.”

“மறுபடி பத்தியம் வருமே.”

“அது முடியுறதுக்குள்ள மதினிக்கு இறங்கிரும்.”

“அவளுக்கும் ஒண்ணு.”

நெல்லையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. “பெட்டியாவே வாங்கிருவோம்ணே,” என்றான்.

நோயாளி பத்தியத்தை முறித்துவிடக் கூடாதல்லவா? கனியை அறைக்குள் விட்டு வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, மூன்று பேரும் ஒரே சைக்கிளில் தொற்றிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினார்கள்.

“ஏங்க! அந்தத் தாழ்ப்பாளையாவது திறந்துவிட்டுட்டுப் போங்களேன்!”