இடிக்காரர் கண்ட முகம்

டமடமடமவென்று இடி இடித்தது.

மணப்பாறைக் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து நாடகம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று குடையை விரித்துவிட்டார். "யோவ், குடையை மடக்கய்யா, மறைக்குது!" என்று பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். அவர் அண்ணாந்து பார்த்தார். கீற்று இடுக்கு வழியே சித்திரை மாதத்துப் பகல் வெயில் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. வெட்கத்தோடு குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கொட்டகை முழுவதும் சிரித்தது.

மேடைக்குப் பின்னால், உத்தரத்தில் தொங்கிய ஆளுயரத் தகரத் தகட்டை இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த மெலிந்த மனிதருக்கு அந்தச் சிரிப்புக் காதில் விழவில்லை. அவர் தகரத்தை நிறுத்தினார். கைகளைக் குவித்தார். எதிரே தெரிந்த முருகனின் முதுகை வணங்கினார்.

அவர்தான் குழந்தைவேலு. பிற்காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, 'அருள்முகம்' குழந்தைவேலு என்று சுவரொட்டிகளில் கொட்டை எழுத்தில் பெயர் வந்த அதே குழந்தைவேலு. திரையில் அவர் திருநீற்று நெற்றியோடு வந்து நின்றால் பீடியை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்த ரசிகர்கள் உண்டு. அந்த முகத்துக்கு அருள் எங்கிருந்து வந்தது என்று பலர் அவரைக் கேட்டார்கள். அவர் சிரித்து மழுப்பிவிடுவார்.

திண்டுக்கல்லில் தகர விளக்கும் வாளியும் செய்து விற்றவர் அவருடைய தந்தை. குழந்தைவேலுவுக்கு ஏழு வயதானபோது தந்தை அவரைப் பழநிக்கு அழைத்துப் போனார். சந்நிதியில் அலங்காரத்துக்காகத் திரை போட்டிருந்தது. நல்ல கூட்டம். மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "திரை விலகும்போது சாமி நேரா உன்னைத்தாண்டா பார்ப்பாரு. கண்ணை அகலமாத் திறந்து வச்சுக்க" என்றார் தந்தை.

திரை விலகியது. அந்த நொடியில் மணியும் மேளமும் சங்கும் ஒன்றாக எழுந்தன. நூறு பேர் "அரோகரா" என்று முழங்கினார்கள். பிள்ளை பயந்து கண்களை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது கூட்டம் அவர்களை வெளியே தள்ளியிருந்தது. "பார்த்தியாடா?" என்று கேட்டார் தந்தை. பிள்ளை தலையை ஆட்டிவிட்டார். அந்த ஆண்டே காலராவில் தந்தை போய்ச் சேர்ந்தார்.

வளர்ந்த பிறகு குழந்தைவேலு பலமுறை மலையேறினார். கண் குளிர அந்த ஆண்டவனைக் கண்டார். ஆனாலும் மனத்தில் ஒரு குறை தங்கிவிட்டது. திரை விலகும் அந்தக் கணத்தில், தன்னைப் பார்க்கவென்றே வருகிற முகத்தை அவர் தவறவிட்டிருந்தார். அதை ஒரே ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவர் முருகனிடம் எதுவும் கேட்டதில்லை.

அரங்கையா நாயுடு நடத்திய ஸ்ரீ ஆறுமுகானந்த நாடக சபை திண்டுக்கல்லில் முகாமிட்டபோது, விளக்குகளுக்கு ஈயம் வைக்க வந்தவர் குழந்தைவேலு. இடித் தகரத்தில் விரிசல் விட்டிருப்பதைப் பார்த்துத் தாமாகவே அதைச் சரி செய்து, ஒருமுறை உலுக்கிக் காட்டினார். நாயுடு சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையை விட்டு எழுந்து ஓடிவந்தார். "இனிமே நீதான்யா நம்ம சபைக்கு இடி" என்றார். மனைவி வெள்ளையம்மாளை அழைத்துக்கொண்டு குழந்தைவேலு சபையோடு ஊர் ஊராகப் புறப்பட்டார்.

சபையின் புகழ்பெற்ற நாடகம் 'குன்றத்து விறகுவெட்டி'. கடைசிக் காட்சியில், வறுமையில் எல்லாம் இழந்த விறகுவெட்டி மலையடியில் நின்று மூன்று முறை "முருகா" என்று கூவி அழைப்பான். ஒவ்வோர் அழைப்புக்கும் நடுவில் ஒரு பாட்டு. மூன்றாவது அழைப்பு முடிந்ததும் இடி இடிக்கும். வர்ணம் பூசிய மலைத் தட்டி இரண்டாகப் பிளக்கும். உள்ளே மயிலோடு முருகன் நிற்பார். இடித் தகரம் தொங்கியது அந்த மலைக்கு நேர் பின்னால். ஆகவே குழந்தைவேலுவுக்கு வாய்த்ததெல்லாம் முருகனின் முதுகும், கிரீடத்தைக் கட்டிய நூல் முடிச்சும்தான்.

"நாந்தான் சத்தம் போட்டுக் கூப்பிடறேன். வர்றவரு முகத்தை மத்தவங்கதான் பார்க்கிறாங்க" என்று வெள்ளையம்மாளிடம் ஒருநாள் சொன்னார். அந்த அம்மையார் அடுத்த ஆட்டத்துக்குப் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, முகம் எப்படி இருந்தது என்று கணவருக்கு விவரம் சொன்னார். "மூக்கு நல்ல எடுப்பு. ஆனா செவந்திலிங்கம் மூக்குதான்" என்றார்.

செவந்திலிங்கம்தான் முருகன் வேடக்காரர். அப்போது இருபத்திரண்டு வயது. நல்ல குரல், நல்ல நிறம், அதைவிட நல்ல கர்வம். அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. முருகன் வேடம் போட்டு முடிந்ததும் கற்பூரம் காட்டுவார்கள். கிரீடத்தைக் கழற்றும்வரை அவரை யாரும் பெயர் சொல்லி அழைக்கக்கூடாது. மற்றவர்களுக்கு அது சம்பிரதாயம். குழந்தைவேலு மட்டும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடுவார்.

"கற்பூரம் காட்டினப்புறம் பீடி வேண்டாமே" என்று ஒருமுறை பணிவாகச் சொன்னார்.

"முருகனுக்குச் சளி பிடிச்சிருக்கு, விடு இடியண்ணே" என்று புகையை ஊதினார் செவந்திலிங்கம். "நீ வா, வந்து என் முதுகை நல்லாப் பார்த்துக்க. உனக்கு விதிச்சது அவ்வளவுதான்!"

ஒப்பனை அறையே சிரித்தது. குழந்தைவேலுவும் சிரித்தார். அந்த முதுகும் முருகன் முதுகுதானே என்று நினைத்துக்கொண்டார்.

புதுக்கோட்டையில் ஒருநாள் ஆசை மிஞ்சிவிட்டது. மூன்றாவது "முருகா" கேட்டதும் தகரத்தை உலுக்குவதற்குப் பதில், தட்டியின் விளிம்பு வழியே எட்டிப் பார்க்க ஓடினார். இடி இல்லை. மலை ஓசையில்லாமல் பிளந்தது. மயிலோடு நின்ற முருகனைப் பார்த்து, "என்னப்பா, திருடன் மாதிரி வர்றாரு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அன்று எழுந்த சிரிப்பில் நாடகம் கரைந்துபோயிற்று. குழந்தைவேலுவும் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குள் நாயுடு அவர் பிடரியைப் பிடித்திருந்தார்.

"எட்டியாய்யா பார்க்கிறே? இனி எப்படிப் பார்க்கிறேன்னு நானும் பார்க்கிறேன்!"

மறுநாளே மலைக்கும் இடிக்கும் நடுவில் ஒரு சாக்குப் படுதா தொங்கியது. முதுகும் போயிற்று. "சாமிய விட்டே பிரிச்சுப்புட்டாங்களே" என்று வெள்ளையம்மாள் கண் கலங்கினார். "சத்தத்தைப் பிரிக்கலையே" என்றார் குழந்தைவேலு. அன்றிலிருந்து சாக்கைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வடிவு என்று பெயர். தகரத்துக்குப் பக்கத்திலேயே தூளி கட்டியிருப்பார்கள். அந்தக் குழந்தை இடிக்கு அசையாமல் தூங்கும். இடி நின்றால் விழித்து அழும். அதற்காகவே, ஆட்டம் இல்லாத நாட்களில் வெள்ளையம்மாள் பழைய தகடு ஒன்றை மெல்ல உலுக்கித் தூங்க வைப்பார். ஒன்றரை வயதில், அருப்புக்கோட்டை முகாமில், மூன்று நாள் காய்ச்சலில் குழந்தை போய்விட்டது. தூளியை அவிழ்த்த காலையில் குழந்தைவேலு ஒரே ஒருமுறை "முருகா" என்று வாய்விட்டு அழைத்தார். அந்தக் குரலை வெள்ளையம்மாள் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்று பிற்பகல் தகரத்தடியில் அவர் வந்து நிற்பதைக் கண்ட நாயுடு பதறினார். "நீ போய்யா. இன்னிக்கு வேற யாராச்சும் ஆட்டட்டும்."

"வீட்டுல சத்தமே இல்லீங்க முதலாளி" என்றார் குழந்தைவேலு. நாயுடு விலகி வழிவிட்டார்.

பதினோரு ஆண்டுகள் இப்படிப் போயின. பேசும் படம் வந்தது. நாடக சபைகளிலிருந்து நல்ல நடிகர்களை ஸ்டூடியோக்காரர்கள் ஒவ்வொருவராகக் கொத்திக்கொண்டு போனார்கள். உடுமலைப்பேட்டை முகாமில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு, விறகுவெட்டி வேடக்காரர் அப்பாஜி ராவ் சென்னைக்கு ரயிலேறிவிட்ட செய்தி வந்தது. பக்கவாட்டிலிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பவர் அவருடைய மைத்துனர். அவரும் உடன் போயிருந்தார். நாடகப் பிரதியும் போயிருந்தது.

நாயுடு தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "எல்லாருக்கும் அவனவன் பாடம்தான் தெரியும். ராவ் பாடம் முழுக்க யாருக்குய்யா தெரியும்?"

"இடியண்ணனுக்குத் தெரியும்" என்றார் ஹார்மோனியக்காரர். "ராவ் எந்த வரியில தும்முவாருங்கறது வரைக்கும் தெரியும்."

உண்மைதான். எந்தச் சொல்லுக்கு இடிக்க வேண்டும் என்று காதைத் தீட்டி வைத்திருந்தவருக்கு முழு நாடகமும் மனப்பாடம். நாயுடு அவரை ஏற இறங்கப் பார்த்தார். எலும்பும் தோலும், கிழிந்த வேட்டியும், குழி விழுந்த கண்களும். விறகுவெட்டிக்கு ஒப்பனையே வேண்டியிருக்கவில்லை.

குழந்தைவேலு மலைத் தட்டியைத் திரும்பிப் பார்த்தார். விறகுவெட்டி நிற்பது மலைக்கு முன்னால். தட்டி பிளக்கும்போது நேருக்கு நேர் பார்க்கிறவன் அவன்தான். ஆனாலும் அவர் கேட்டது வேறு. "நான் முன்னாடி போயிட்டா இடி?"

"தகரம்தானே? நான் ஆட்டுறேன்" என்றார் வெள்ளையம்மாள்.

"பொம்பளையா இடி இடிக்கிறது?" என்று வாயைப் பிளந்தார் நாயுடு.

"வானத்துல இடிக்கிறது ஆம்பளைன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார் அந்த அம்மையார்.

கணவரைத் தனியே அழைத்து, "மூணாவது கூப்பாட்டுக்குத்தானே? எனக்குத் தெரியும். நீங்க கண்ணை மட்டும் மூடிராதீங்க" என்றார்.

மணி அடித்தது. திரை ஏறியது. விறகுவெட்டி தடுமாறித்தான் பேசினான். முதல் காட்சியில் கூட்டத்தில் கொட்டாவி. இரண்டாம் காட்சியில், "ராவ் எங்கய்யா? இந்த ஆளைப் பார்த்தா விறகே இவரைச் சுமக்கும் போல இருக்கு!" என்று ஒரு குரல். குழந்தைவேலு அதையும் தாங்கிக்கொண்டு வசனத்தைச் சொன்னார். அவர் மனம் முழுவதும் கடைசிக் காட்சியில் இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. மலையடியில் மண்டியிட்டார். வர்ணம் பூசிய தட்டியை அண்ணாந்து பார்த்தார். தந்தையின் தோள் நினைவுக்கு வந்தது. அவிழ்த்த தூளி நினைவுக்கு வந்தது.

"முருகா!" என்றார். முதல் அழைப்பு.

சாக்குப் படுதாவுக்குப் பின்னால் நின்ற வெள்ளையம்மாளுக்கு மேடை தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. அருப்புக்கோட்டையில் தூளியை அவிழ்த்த காலையில் கேட்ட அதே குரல். இன்னும் இரண்டு முறை அந்த மனிதர் இப்படிக் கூப்பிட வேண்டுமா என்று அந்தத் தாய் மனம் துடித்தது. கணக்கு மறந்தது. கைகள் தகரத்தைப் பற்றின. அதுவரை அந்தச் சபை கேட்டிராத இடி இடித்தது. இடி கேட்டதும் வழக்கம்போல் மலை பிளந்தது.

குழந்தைவேலு கண்களை மூடவில்லை.

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு பாட்டும், இரண்டு பக்க வசனமும் அவருக்கு மறந்துபோயின. ஏழு வயதுப் பிள்ளையின் சிரிப்பு ஒன்று அந்த வற்றிய முகத்தில் மெல்ல மலர்ந்தது. கன்னங்களில் நீர் வழிந்தது. ஹார்மோனியம் நின்றது. கொட்டாவி விட்டவர்கள் எழுந்து நின்றார்கள். தலையில் துண்டு கட்டியிருந்தவர்கள் அவிழ்த்து இடுப்பில் கட்டினார்கள். மலையை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த முகத்தையே பார்த்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ "அரோகரா" என்றார்கள். கொட்டகை முழங்கியது. ஓரத்தில் நின்ற நாயுடு, அழுதுகொண்டே தம் கையால் திரையை இறக்கினார்.

அன்று அந்தக் கூட்டத்தில், ராவுக்குப் பேசிய முன்பணத்தோடு வேறொரு ஸ்டூடியோவின் ஆள் உட்கார்ந்திருந்தார். ராவ் கிடைக்காத ஏமாற்றத்தையே மறந்துவிட்டு அவர் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார். குழந்தைவேலுவின் திரை வாழ்க்கை அந்த மாலையில் தொடங்கியது. பின்னர் வந்த காரும், பெரிய வீடும், மூன்று பிள்ளைகளும் எல்லோரும் அறிந்தவை. அந்த வீட்டின் பூசை அறையில் ஒரு பழைய தகரத் தகடு சாத்தி வைத்திருந்ததையும், அதற்கு வெள்ளையம்மாள் நாள்தோறும் பூ வைத்ததையும் வந்தவர்கள் பார்த்து வியந்ததுண்டு. ஆயுள் முழுவதும் அழைப்பதையே தொண்டாகச் செய்த ஒருவரை, அழைக்கப்பட்டவர் மறப்பாரோ!

அந்தத் திரை இறங்கியதும் நடந்தது ஒன்று உண்டு. குழந்தைவேலு மேடையை விட்டு எழுந்தார். நேரே ஒப்பனை அறைக்குப் போனார். செவந்திலிங்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். கிரீடம் மடியில் இருந்தது. முகம் வெளுத்திருந்தது. குழந்தைவேலு அவர் காலில் விழுந்தார்.

"பதினோரு வருஷம் முதுகையும் சாக்கையும்தான் பார்த்தேன். இன்னிக்கு முகத்தைக் காட்டிட்டீங்க. எங்கப்பா தோள் உயரத்துக்குக் குனிஞ்சு, என்னைப் பார்த்துச் சிரிச்சீங்களே, சாமி!"

செவந்திலிங்கம் கால்களைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். 

"என் கால்ல விழாதீங்கண்ணே. கிரீடத்து நூல் அறுந்துபோச்சு. இடி விழுந்தப்போ நான் மேடைக்கே வரலை. இங்கதான் ஊசியும் நூலுமா உட்கார்ந்திருந்தேன்."