கடைசிப் பக்கத்துப் பேனா

சபாநாயகம் பதினோரு மாதங்களாக ஒரே கேள்வியைச் சுமந்துகொண்டிருந்தார். ஒரு பேனாவின் முள் சரியாகிவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று முறை ரூபவதியிடம் கேட்டும் பார்த்துவிட்டார். முதல் முறை அவர் மை நிரப்பிக்கொண்டிருந்தார். கேள்வி காதில் விழாதவரைப்போல் இருந்துவிட்டார். இரண்டாம் முறை, "சாப்பிட்டாயிற்றா, சார்?" என்று கேட்டார். மூன்றாம் முறை சிரித்ததோடு சரி.

குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு ஐம்பத்தொன்பது. சென்னையில் உள்ள ஒரு பேனாக் கடையின் மூன்றாம் மாடியில், வடக்கு ஜன்னலை ஒட்டிய மேசையில் அமர்ந்து முள் திருத்துகிறவர் ரூபவதி. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரைபடங்களில் ஊர்ப்பெயர்களை எழுதி ஓய்வு பெற்ற சபாநாயகம், அவரிடம் தொழில் கற்க வந்தவர். அவர் எழுதிய பெயர்களை அச்சு என்று நினைத்து, விரலால் தடவிப் பார்த்த கலெக்டர்கள் உண்டு. அந்தப் பெருமையை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, மறந்ததும் இல்லை.

அந்த மேசைக்கு ஒரு விதி இருந்தது. பேனாவைத் தொடுவதற்கு முன், அதற்கு உரியவரை எதிரே உட்காரவைத்து ஒரு பக்கம் எழுதச் சொல்ல வேண்டும். அப்போது தாளைப் பார்க்கக் கூடாது. கையைப் பார்க்க வேண்டும். சபாநாயகம் பெரும்பாலும் முகத்தைத்தான் பார்ப்பார். எழுதி முடித்தவர் 'ஆகா' என்றால் அன்று இரவு அவருக்கு நல்ல தூக்கம் வரும்.

அந்தத் திங்கட்கிழமை ரூபவதி ஊரில் இல்லை. தங்கை மகனின் ஞானஸ்நானத்துக்காகத் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். முற்பகல் பதினொரு மணிக்குப் பேராசிரியர் யோகாம்பாள் வந்தார். லிஃப்டில் ஏறி வந்தும் அவருக்கு மூச்சு வாங்கியது. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தோள்பையிலிருந்து ஒரு பெரிய மரப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பேனா இதற்குள்தான் எங்கேயோ இருக்கிறது. தேடிப் பாருங்கள்" என்றார்.

பெட்டியைத் திறக்குமுன்பே சபாநாயகத்துக்கு அது எந்தப் பேனா என்று தெரிந்துவிட்டது. ஜெர்மானிய மொழியின் மாபெரும் எழுத்தாளர் ஒருவருக்கு அஞ்சலியாக, எண்ணிட்டு வெளியிடப்பட்ட வரிசை அது. மூடியைச் சுற்றிலும் கொடியும் இலையும் செதுக்கியிருப்பார்கள். பொன் முள்ளின்மீது ஓர் இறகுப்பேனா பொறித்திருக்கும். வரிசை முடிந்துவிட்டதால், அதற்கு மாற்று முள் இனி எங்கும் கிடைக்காது. அந்த வரிசைப் பேனாக்களோடு வரும் சிறுநூலைச் சபாநாயகம் வரிக்கு வரி அறிவார்.

பேராசிரியர் சொன்ன விவரம் சுருக்கமானது. கல்லூரியில் ஜெர்மன் கற்பித்தவர் அவர். அந்த எழுத்தாளரின் நெடிய கவிதை நாடகத்தை இருபத்தாறு ஆண்டுகளாகத் தமிழில் பெயர்த்துவருகிறார். கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. பழைய மாணவர்கள் சேர்ந்து இந்தப் பேனாவைப் பரிசளித்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை இதைக்கொண்டுதான் எழுதுவது என்று முடிவு செய்தார். ஆனால் பேனா எழுத்துக்கு எழுத்து விட்டுவிட்டு எழுதுகிறது. வெள்ளிக்கிழமை காலையில் அவருக்குக் கழுத்து ரத்தக்குழாயில் அறுவைச் சிகிச்சை. அதற்கு முன் எழுதியாக வேண்டும். பிறகு எழுத முடியுமா என்பதை மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை.

"இத்தனை வருஷம் அந்த மனிதரை ரீஃபில் பேனாவால் குத்திக் குத்தி எழுதியாயிற்று. கடைசியிலாவது மரியாதையாக நடத்த வேண்டாமா?"

சபாநாயகம் சிரித்தார். ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்கள் என்று கேட்க வாயெடுத்தவர், அந்த முகத்தின் களைப்பைக் கண்டு நிறுத்திக்கொண்டார். தாம் பார்த்துக்கொள்வதாகவும், வியாழக்கிழமை நான்கு மணிக்கு வந்தால் போதும் என்றும் சொல்லி ரசீதை நீட்டினார். பேராசிரியர் அதில் கையொப்பமிட்டபோது, சபாநாயகத்தின் கண் ஏற்கெனவே உருப்பெருக்கிக்குள் போயிருந்தது.

குறை சிறியதுதான். முள்ளின் நடுப்பிளவு இறுகியிருந்தது. திங்கட்கிழமை மாலைக்குள் அதைத் தளர்த்தி மையை ஓடவிட்டார். பேனா விடாமல் எழுதியது. ஆயினும் தம் கையில் அது வழுக்கிக்கொண்டு போகவில்லை என்று அவருக்குத் தோன்றியது. செவ்வாயும் புதனும் மெருகுத் தாளில் முள்ளை இழுத்து இழுத்துத் தேய்த்தார். புதன் மாலையில் அந்த வழுக்கல் வந்தது. எண்ணெயில் விரல் ஓடுவதுபோல் ஓடிற்று. ஒரு தாளை எடுத்துத் தம் பெயரை எழுதினார். நிறுத்த மனம் வரவில்லை. நாற்பது முறை எழுதினார்.

வியாழன் பிற்பகல் மூன்று மணிக்கு ரூபவதி வந்து சேர்ந்தார். பயணப்பையை இறக்கி வைக்குமுன் சபாநாயகம் அந்தத் தாளை அவர்முன் வைத்தார். ரூபவதி வெகுநேரம் பார்த்தார்.

"அழகாக இருக்கிறது, சார்."

பதினோரு மாதங்களில் இந்தச் சொல் வந்தது இதுவே முதல் முறை. சபாநாயகத்துக்குக் காது சூடாயிற்று.

"யாருடைய பேனா?"

"பேராசிரியர் யோகாம்பாளுடையது, மேடம்."

"தாளில் யார் பெயர்?"

சபாநாயகம் பேச்சை மாற்ற விரும்பி, இது இன்ன எழுத்தாளருக்கு அஞ்சலியாகச் செய்த பேனா என்றும், மூடியில் உள்ளவை இன்ன கொடியின் இலைகள் என்றும், மாற்று முள் கிடையாது என்றும் சிறுநூலில் இருந்ததையெல்லாம் ஒப்பித்தார். ரூபவதி குறுக்கிடாமல் கேட்டார்.

"பேராசிரியர் எந்தக் கையால் எழுதுவார் என்று அந்த நூலில் போட்டிருக்கிறதா?"

சபாநாயகம், அந்த அம்மாளை எழுதச் சொல்லவில்லை என்பதையும், ஏன் சொல்லவில்லை என்பதையும் மெல்லச் சொன்னார். ரூபவதி கடிந்துகொள்ளவில்லை. பெட்டியில் செருகியிருந்த ரசீதை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

கையொப்பத்தின் எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்து நடுங்கியிருந்தன. அவற்றின்மேல் மை கலங்கி வலப்பக்கமாக இழுபட்டிருந்தது. எழுதிய கை, ஈரம் காயுமுன் தான் எழுதியதன்மீதே ஏறி நகர்ந்திருக்கிறது.

சபாநாயகத்துக்கு இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. பேராசிரியர் தம் வலக்கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார். ஏசிக் குளிருக்காக என்று அவர் எண்ணியிருந்தார். தடியைச் சாய்த்தது, பெட்டியை எடுத்தது, ரசீதில் எழுதியது எல்லாம் இடக்கைதான்.

"இடக்கையால் எழுதிப் பாருங்கள்."

எழுதினார். முதல் எழுத்தின் பாதியிலேயே முள் தாளில் மாட்டிக் கிழித்தது. மை மூன்று துளிகளாகத் தெறித்தது. வலக்கை முள்ளை இழுத்துச் செல்லும். இடக்கை தள்ளிக்கொண்டு போகும். தம் வலக்கையின் சாய்வுக்கென்று அவர் இரண்டு நாள் தேய்த்து உண்டாக்கிய தளம், தள்ளும் கைக்கு ஒரு கத்தி விளிம்பாக எதிரே நின்றது.

மணி மூன்று பத்து.

"நீங்களே செய்துவிடுங்கள், மேடம்."

ரூபவதி உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்தி, முள்ளின் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நுனியில் கடுகில் பாதியளவு ஒரு கடின உலோக மணி இருக்கும். முள்ளின் ஆயுள் அவ்வளவுதான்.

"மெருகுத் தாளில் இன்னும் ஐந்து இழுப்பு தாங்கும். ஆறாவது இழுத்தால் மணி இருக்காது."

சொல்லிவிட்டுப் பேனாவை அவர் பக்கமே நகர்த்தினார்.

"மேடம், பேராசிரியருக்கு நாளைக்கு அறுவைச் சிகிச்சை."

"அதனால்தான் சொல்கிறேன். இந்த முள்ளில் உங்கள் கை எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும், சார். நான் தேடிக்கொண்டிருந்தால் நான்கு மணி ஆகிவிடும்."

சபாநாயகம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தேய்க்கத் தொடங்குமுன், இடக்கையால் எழுதி முள் மாட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பேனாவைத் தாளில் வைத்ததும் பழக்கத்தில் 'ச' என்ற எழுத்து வந்தது. ரூபவதி அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாளை வைத்தார். அருகில் ரசீதையும் வைத்தார்.

சபாநாயகம் ரசீதைப் பார்த்து எழுதலானார். முப்பத்து நான்கு ஆண்டுகள் அச்சைப்போல் எழுதியவர், நடுங்கிய 'யோ' ஒன்றை நடுங்கியபடியே எழுத முயன்றார். வரவில்லை. மணிக்கட்டை வளைத்துப் பார்த்தார். முழங்கையை மேசைக்கு வெளியே தள்ளிப் பார்த்தார். ஏழாம் முறை, அந்தச் சாய்வு தானாகவே அமைந்தது. எட்டாம் முறை, மை அவர் உள்ளங்கையில் ஒட்டி வலப்பக்கம் இழுபட்டது. அப்போது முள் எங்கே மாட்டுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே அவரால் சொல்ல முடிந்தது.

மெருகுத் தாளில் முதல் இழுப்பு. எழுதிப் பார்த்தார். மாட்டியது. இரண்டாவதிலும் மாட்டியது, ஆனால் ஓசை தணிந்திருந்தது. மூன்றாவது இழுப்புக்கு முன் அவர் கையைக் காற்றில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். மணி மூன்றே முக்கால் தாண்டிவிட்டது. இழுத்தார். இப்போது முள் மேலேறும் கோட்டில் மட்டும் தயங்கியது. நான்காவது.

'யோ' வந்தது. தடையில்லாமல் வந்தது.

உடனே அவர் வலக்கைக்கு மாற்றி ஒரு கோடு இழுத்தார். அந்த வழுக்கல் போயிருந்தது. எண்ணெயில் ஓடிய விரலைக் காணோம். சாதாரணப் பேனா ஒன்று சாதாரணமாக எழுதியது. தம்முடைய ஏதோ ஒன்றைத் தம் கையாலேயே தேய்த்து எடுத்துவிட்டதுபோல் அவருக்கு இருந்தது. இன்னும் ஓர் இழுப்பு பாக்கி. அதில் கொஞ்சத்தையாவது மீட்டுவிடலாம். அவர் கை மெருகுத் தாளை நோக்கிப் போயிற்று.

"போதும், சார். கையை எடுங்கள்."

லிஃப்ட் வந்து நிற்கும் ஓசை கேட்டது.

பேராசிரியர் வந்து அமர்ந்தார். மூன்று நாளில் முகம் இன்னும் சிறுத்திருந்தது. பெட்டியைப் பார்த்து, இதை வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்ததாகச் சொன்னார். சபாநாயகம் சோதனைத் தாளை வைத்தார். பேராசிரியர் இடக்கையில் பேனாவை வாங்கி, உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி போட்டார். ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு தாளைத் தள்ளிவிட்டு, தோள்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அதில் செருகியிருந்த பக்கத்தின் கீழ்ப்பாதி வெறுமையாக இருந்தது.

அங்கேயே எழுதத் தொடங்கினார்.

சபாநாயகம் அவர் முகத்தையே பார்த்தார். ரூபவதி மேசையை விரலால் லேசாகத் தட்டினார். சபாநாயகம் பார்வையைக் கைக்குக் கொண்டுவந்தார்.

கை நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. ஒரு வரி போயிற்று. அடுத்த வரியில் ஒரு சொல்லை அடித்தார். பேனா அந்தரத்தில் நிற்க, உதடுகள் எதையோ சொல்லிச் சொல்லிப் பார்த்தன. மேலே வேறொரு சொல் எழுதினார். அதையும் அடித்தார். முதலில் அடித்த சொல்லையே திரும்ப எழுதினார். உள்ளங்கை முழுவதும் மையாயிற்று. கொண்டுவந்து வைத்த தேநீரில் ஏடு படிந்தது. முள் இருபது முறையாவது மேல்நோக்கி ஏறியிருக்கும்.

ஐந்து மணிக்குச் சற்று முன் அந்தக் கை நின்றது. பேராசிரியர் பேனாவைத் திறந்தபடியே மேசையில் வைத்தார். எழுதியதை முதலிலிருந்து படித்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு பக்கத்தை அட்டைக்குள் வைத்து, அட்டையைப் பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷம் இழுத்தடித்துவிட்டு இன்றைக்குத்தான் முடிய விட்டிருக்கிறார், பாவி" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அந்த ஜெர்மானியரைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தடியை எடுத்துக்கொண்டு நடந்தார். லிஃப்டின் கதவு மூடிற்று.

சபாநாயகம் நின்ற இடத்திலேயே நின்றார். மூன்று நாளாக அடக்கி வைத்ததெல்லாம் அவர் குரலில் ஏறி வந்தது.

"நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லையே, மேடம். இந்த முள் சரியாகிவிட்டது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?"

ரூபவதி மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். முள்ளில் நின்ற மையைத் துணியால் ஒற்றி, இலைகள் செதுக்கிய மூடியைத் திருகினார். அதை அவர் கையில் வைத்தார்.

"படி வழியாக இறங்கி ஓடுங்கள், சார். பேனாவை மறந்துவிட்டுப் போகிறார்."